கல்வெட்டுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர்

ஒரு நோயாளிகூட உயிரிழக்காத, ஒரு புகார்கூட எழாத, ஒரு கீறல்கூட விழாத சிகிச்சைக் கருவி உலகில் எங்கேனும் உண்டா என்று கேட்பவர்கள் வண்டியூர்ப் பக்கம் வர வேண்டும். அங்குள்ள 'வைகைவளம் அறக்கட்டளை மருத்துவமனை'யில் அத்தகைய கருவி ஒன்று இருக்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறை என்பது அதன் பெயர். அப்போது அது வந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. இன்னும் திறக்கப்பட்டிருக்கவில்லை. மேற்கண்ட சாதனைகளுக்கு அதுவே காரணம்.

சாதனையின் காவலர் நிர்வாக அலுவலர் பஞ்சாபகேசன். தண்ணீர் லாரியின் தொட்டியைப் போல வெள்ளை வெளேரென்று படுத்திருந்த அந்த அறைக்கு அவர் வெள்ளிதோறும் சந்தனமும் குங்குமமும் இடச் செய்தார். சக்கரமே இல்லாத கருவிக்கு நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைக்கச் செய்தார். கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனின் முடிச்சில் அரக்கு முத்திரை. சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்ததும் அது வெட்டப்படும். நோயாளிகள் காத்திருக்கலாம், அவர்களுக்கு அது பழக்கம். சிறப்பு விருந்தினரைக் காக்க வைக்க இயலுமா?

ஒருவழியாகப் பதினான்காம் தேதி என்று முடிவாயிற்று. முடிவான வாரத்திலேயே திறப்பு விழாக் கல்வெட்டு மூழ்கிப் போயிற்று.

கல் செதுக்கிய பட்டறை கொட்டாம்பட்டிக்கு அருகே, நீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கிரானைட் குவாரியின் விளிம்பில் இருந்தது. வண்டியில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. சிறப்பு விருந்தினரின் பெயரும் பட்டங்களும் பொறித்த பலகை நூற்று நாற்பது அடி ஆழத்திற்குப் போய்விட்டது. வேறு கல் செதுக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். பஞ்சாபகேசன் பதறினார்.

"அவர் பேர் தண்ணியில மூழ்கிக் கிடக்குன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா என்ன ஆகும்? எலெக்‌ஷன் வேற வரது. எடுத்தே ஆகணும்!"

ஆகவே நல்லகாமன் அழைக்கப்பட்டார். திருவாதவூர்க்காரர், கடலோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூபா கற்றுக்கொடுப்பவர், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று முறை இறங்கினார். முதல் முறை கல் அகப்படவில்லை. இரண்டாம் முறை அகப்பட்டது, கயிறு எட்டவில்லை. மூன்றாம் முறை கயிற்றைக் கட்டி முடித்தபோது உருளையில் காற்று தீர்ந்துவிட்டது. ஆழத்திலிருந்து வருபவர் நின்று நின்று, மெதுவாகவே மேலேற வேண்டும் என்பது விதி. நல்லகாமனோ மூச்சு விட வேண்டும் என்ற அற்பக் காரணத்திற்காக ஒரேயடியாக மேலே வந்துவிட்டார். இந்த விதிமீறலைப் பஞ்சாபகேசன் பின்னர்ப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கரையேறிய அரை மணி நேரத்தில் மூட்டுகளில் வலி. பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. திடீரென்று மேலேறியதால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகிவிட்டன. அவற்றைக் கரைக்க உயர் அழுத்த ஆக்சிஜன் அறையை விட்டால் வேறு கதியில்லை. நல்லகாமனின் அதிர்ஷ்டத்தை என்னவென்பது! அந்த அறை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. கல்வெட்டு ஏறிய அதே லோடு வண்டி அவரையும் ஏற்றிக்கொண்டது.

மருத்துவமனை வாசலில் பஞ்சாபகேசன் கற்பூரத் தட்டுடன் நின்றார்.

"ஸ்ட்ரெச்சரைக் கொண்டாங்கப்பா! சீக்கிரம்!"

வண்டியில் கூடவே வந்திருந்த நல்லகாமனின் மனைவி சத்யப்ரியா நன்றியோடு கைகூப்பினார். நான்கு பேர் ஓடி வந்து, கல்லை அலுங்காமல் இறக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள்.

"சார், ஆளு இங்கிட்டு இருக்காரு!"

"தெரியறதும்மா. இருக்கறது ஒரு ஸ்ட்ரெச்சர். கல் உடைஞ்சா ஒட்ட முடியாது."

"இவருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல சார்."

"அப்ப வலி இருக்காதே?" என்று தேற்றினார் பஞ்சாபகேசன்.

வண்டிக்குள்ளிருந்து நல்லகாமனின் குரல் கேட்டது. "கல்லுல கீறல் ஏதும் இல்லையே சார்? பாத்துத்தான் கட்டுனேன்."

"ஒரு கீறல் இல்லை. பேஷான வேலை!"

அந்த அறையை இயக்கப் பயிற்சி பெற்று, பத்து மாதங்களாக அதை வெளியிலிருந்தே பார்த்து வந்த மருத்துவர் பிரியம்வதா ஓடி வந்தார். நல்லகாமனின் கால்களைத் தட்டிப் பார்த்தார், முகம் மாறிற்று.

"சார், உடனே அந்த ரூமைத் திறங்க. நேரம் போகப் போகக் கால் திரும்பாது."

"திறக்கறதுக்கு என்ன டாக்டர்? பதினாலாம் தேதி திறந்துடலாம்."

"இன்னிக்கு ரெண்டாம் தேதி சார்!"

"பத்து மாசம் பொறுத்தோம். பன்னண்டு நாள் பொறுக்கப்படாதா?"

"ரிப்பனை வெட்டிட்டுப் புதுசா ஒண்ணு கட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

பஞ்சாபகேசன் காதுகளைப் பொத்திக்கொண்டார். "அப்ப பதினாலாம் தேதி நடக்கறது ரெண்டாவது திறப்பு விழாவாயிடும். முதல் திறப்பு விழாவுக்கு நாம அழைப்பிதழே அடிக்கலை!"

"ரிப்பனுக்கு அடியில குனிஞ்சு தூக்கிட்டுப் போயிருவோம் சார்," என்று கெஞ்சினார் சத்யப்ரியா. "அது மேல கைகூடப் படாது."

"சிறப்பு விருந்தினருக்கு முன்னாடியா? அவர் யார் பின்னாடியும் போனவர் இல்லையேம்மா. தவிர, திட்ட அறிக்கையில 'கடலில் மூழ்குவோர் நலனுக்காக'ன்னு இருக்கு. உங்காத்துக்காரர் மூழ்கினது குவாரியில."

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன சார்? உள்ள போனது மனுசன்தான?"

பிரியம்வதா சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நிர்வாகத் திறமை என்பது இத்தகைய நெருக்கடியில்தான் ஒளிர்கிறது. பஞ்சாபகேசன் விரைந்து சென்று அறை இருந்த கூடத்தையே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் இரக்கமற்றவர் அல்லர். இதே போன்ற அறை உள்ள சென்னைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். எட்டு மணி நேரப் பயணம் சுகமாக அமைய, ஆம்புலன்ஸின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகே புறப்பட அனுமதித்தார். பழம் வாங்கி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

பதினான்காம் தேதி விழா சிறப்புற நடந்தது. ரிப்பன் வெட்டுண்டது. சிறப்பு விருந்தினர் அறைக்குள் படுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். "ஆழத்தில் மூழ்கியவர்களை நாங்கள் ஒருபோதும் கைவிட மாட்டோம்" என்று முழங்கினார். மேடைக்குப் 'பயனாளி' ஒருவர் தேவைப்பட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு எவரும் மூழ்காத நிலையில், நல்லகாமனையே அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியை மறைத்துப் பொன்னாடை போர்த்தப்பட்டிருந்தது.

நிறைவாக வாழ்த்துப் பாடல் ஒலித்தது. அரங்கம் முழுவதும் எழுந்தது. ஒருவர் மட்டும் எழவில்லை. சிறப்பு விருந்தினரின் பார்வை அங்கே நிலைத்தது. பஞ்சாபகேசனுக்கு வியர்த்தது. குனிந்து ஓடி வந்தார்.

"எழுந்திருங்கோ! எல்லாரும் பார்க்கறா!"

நல்லகாமன் சுவரில் பதித்திருந்த கல்வெட்டைப் பார்த்தார்.

"அதான் உங்க கல்லு நிக்கிதுல்ல சார்."

அன்று மாலையே பஞ்சாபகேசன் அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பினார். அதன் கடைசி இரண்டு வரிகள் பின்வருமாறு:

'கருவியால் இதுவரை பாதிக்கப்பட்டோர்: எவருமில்லை.

விழாவில் எழுந்து நிற்காதோர்: ஒருவர்.'