தொக்குப் பைக்கு ஈரச்சாக்கு கட்டிய மாமாவுக்கு

இண்டூர் வெங்கடாசலம் மாமா அவர்களின் சமூகத்துக்கு, பாலக்கோட்டு மருமகன் மாதவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் வெண்மதியும் சுகம். உங்கள் சுகத்தையும், அடுத்த வாரம் வரவிருக்கும் பட்டுப்புழுக்களின் சுகத்தையும் அறிய ஆவல். போன் செய்தால் நீங்களே பேசி நீங்களே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும், "இந்த ஆர்டரும் புட்டுக்கிச்சின்னா மெஷினை வித்துட்டு, நம்ம வூட்டுக்கு வந்து புழுவுக்குத் தழை வெட்டுங்க மாப்ளே" என்றீர்களே, அதற்குப் பதில் இது. வெட்ட மாட்டேன். என் லேமினேஷன் மெஷினை விற்கவும் மாட்டேன். ஆர்டர் தொங்கலில் இருப்பது உண்மை. தொங்கவிட்டது யார்?

தக்காளி விலை விழுந்ததும் தொக்குக் கம்பெனிக்காரர் அண்டா அண்டாவாகக் கிண்டி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பை வேணும்ங்க, இல்லாட்டி வேற எடம் பாத்துக்கறேன்" என்று வந்து நின்றார். இரண்டு பிளாஸ்டிக் தாளைப் பசை போட்டு ஒட்டுவது ஒரு மணி நேர வேலை. அந்தப் பசை இறுகத்தான் நாலைந்து நாள். சூடான, காய்ந்த அறையில் வைத்தால் இரண்டே நாள். சூட்டறை கட்ட எனக்கு வக்கில்லை என்று ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள்தான். உங்கள் புழு வீடோ காலியாகக் கிடந்தது, ஹீட்டரும் இருந்தது. மாதம்மாள் அத்தையிடம் கேட்டுத்தான் சாவி வாங்கினேன், திருடவில்லை. ஒட்டிச் சுற்றிய நாலு ரோலையும் புழுத்தட்டில் படுக்கவைத்து, தூசி படாமல் செய்தித்தாள் போர்த்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்தேன்.

அங்கேதான் நீங்கள் நுழைந்தீர்கள். ஹீட்டர் ஓடுகிறது, தட்டில் தாள் போர்த்தியிருக்கிறது, ஆகவே இளம்புழு வந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டி, இளம்புழுவுக்கு ஈரக்காற்று வேண்டுமே என்ற பழக்க தோஷத்தில் சாக்கை நனைத்து ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டிருக்கிறீர்கள். தாளைத் தூக்கிப் பாத்தீங்களா? "தோலுரிக்கத் தூங்குது, யாரும் சத்தம் போடாதீங்க"ன்னு வாசல்ல காவல் வேற இருந்தீங்களாமே! ரெண்டு நாளா ஒரு தழை திங்காம, ஒரு புழுக்கை போடாம கெடக்கற புழு எந்த ஊர்ல இருக்குதுங்க மாமா? ஒவ்வொண்ணும் நாப்பது கிலோ! அந்தப் பசைக்கு ஈரம்னாலே ஆகாது. இன்னிக்கு வந்து பாத்தா ரோல் பூரா அம்மை வார்த்த மாதிரி கொப்புளம். கையால இழுத்தா ரெண்டு தாளும் தனித்தனியா வருது. நாலாவது ரோலையே காணோம், அதுவும் உங்க கைங்கரியமாத்தான் இருக்கும். நான் செருப்போட உங்க புழு வீட்டுப் படியேறுனா ஆறு மாசம் பேசுவீங்க. இதுக்கு நான் எத்தனை மாசம் பேசறது?

ஆகவே தப்பு உங்களுடையது. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பை போகும், எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. இந்த ஜென்மத்தில் மல்பெரித் தழையில் என் அரிவாள் படாது.

உங்கள் ஆசி வேண்டும், யோசனை வேண்டாம். அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தலை குனியாத மருமகன்
மாதவராஜ்

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், கையில் ரோலிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. "ஈரத்துல எதுக்குக் கெடக்கணும்னு ஒரு ரோலை மட்டும் உருட்டிட்டுப் போயி, புளி காயற தகரக் கொட்டாயில போட்டேனுங்க மாப்ளே. மத்ததை எடுக்கறதுக்குள்ள இவரு காவலுக்கு வந்துட்டாரு. சொன்னா கேக்கற ஆளுங்களா இவரு?" என்றார்கள். பல்லால் கடித்து இழுத்தும் துண்டு பிரியவில்லை. தொக்குக்காரரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர், "மொத லோடுக்கு அந்த ஒரு ரோலே போதும்ங்க, மிச்சத்தையும் அந்தக் கொட்டாயிலயே போடுங்க" என்று சொல்லிவிட்டார். திங்கள்கிழமை முதல் என் பட்டறைக்கு அத்தைதான் மேஸ்திரி. "அப்ப புழுவுக்குத் தழை யாருங்க வெட்டறது?" என்று மட்டும் கேட்டார்கள். காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் மாமா. அரிவாள் அங்கேயே இருக்கிறதா, நான் கொண்டுவர வேண்டுமா?