ஸ்டெல்லாவும் என் வளையல்களும்

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் எனக்கு வயிறு எரியாது. கூட வேலை பார்ப்பவரை ஜனங்கள் "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டால்தான் எரியும்.

ஸ்டெல்லாவும் நானும் பொதுச் சுகாதாரத்தில் ஒரே வகுப்பு. மார்க் எனக்குத்தான் அதிகம். (இன்றைக்கும் யாரும் கேட்காமலேயே சொல்வேன்.) எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், தாய்சேய் நல வேலைக்கு ஒன்றாகவே சேர்ந்தோம். கர்ப்பிணிகள் அவளிடம் மாமியார் சண்டை வரைக்கும் சொல்வார்கள். என்னைப் பார்த்தால், அக்கா வந்ததும் வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பதவி ஒன்று காலியானது. நேர்முகத் தேர்வு எங்கள் இரண்டு பேருக்கும். அதற்கு முந்தின நாள் குப்பத்தில் சமுதாய வளைகாப்பு. அங்கே புருஷன்மார் எட்டிப் பார்த்ததே கிடையாது. அவர்களை வரவழைத்து ஸ்டெல்லாவின் முகத்தில் கரி பூச முடிவு செய்தேன்.

ரேஷன் அரிசி மூட்டையை மனைவியின் துப்பட்டாவால் வயிற்றில் கட்டிக்கொண்டு, வலை பின்னுகிறவர்கள் முன்னால் இடுப்பைப் பிடித்தபடி நடந்தேன்.

"இன்னா நைனா, எத்தினி மாசம்?"

"ஒம்போது. நீ இத்த கட்டிகினு ஒரு குடம் தண்ணி தூக்கிக் காட்டு."

சிரித்துக்கொண்டே மொத்தக் கூட்டமும் என் பின்னால் கூடத்துக்கு வந்துவிட்டது. ஸ்டெல்லா கை தட்டினாள். (அதுவும் எரிந்தது.)

அந்த மிதப்பில் நிறைமாதக்காரி தேவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பெண்கள் சந்தனம் பூசினார்கள். வளையல்காரம்மா என் மணிக்கட்டைப் பிசைந்து கண்ணாடி வளையல்களை ஏற்றிவிட்டார். சாயங்காலம் சோப்பு, தேங்காய் எண்ணெய், எதற்கும் இறங்கவில்லை. உடைக்கலாம் என்று கல்லை எடுத்தேன். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூட குந்திகினு போட்டுகின இல்ல? நீ ஒடைச்சா எனுக்கு ஆவாதுண்ணா. நான் பெத்துகினு வர்ற வரிக்கும் கெடக்கட்டும்."

அறிவியல்பூர்வமாக விளக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் குப்பத்தில் என்னை ஒருத்தி 'அண்ணா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முழுக்கைச் சட்டையோடு போனேன். எனக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. வாயைத் திறந்தாலே கலகல.

"என்ன சத்தம் அது?" என்றார் தேர்வுக் குழுவில் இருந்த டாக்டரம்மா.

"வேண்டுதல், மேடம்."

ஆண்களை எப்படி ஈடுபடுத்துவீர்கள் என்று அடுத்த கேள்வி. பதில் என் சட்டைக் கைக்குள்ளேயே கிடந்தது. வெட்கத்தில் அதை விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன்.

ஸ்டெல்லாவிடமும் அதே கேள்வி. அவள் அரிசி மூட்டையிலிருந்து தேவி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். என்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள். குழு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. வயிறு என்னுடையது, வேலை அவளுக்கு.

தேவிக்குப் பெண் குழந்தை பிறந்த அன்றுதான் என் மணிக்கட்டு விடுதலையானது. ஆனால் ஸ்டெல்லா மேடம் போட்ட முதல் உத்தரவு, நான் மாதாமாதம் ஒரு குப்பத்தில் கர்ப்பமாக வேண்டும் என்பது. வருஷக்கணக்காக ஆகிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அரிசி மூட்டையே தேவைப்படுவதில்லை.

கல்யாண வீடுகளில் யாராவது எத்தனை குழந்தைகள் என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொள்வாள்.

"நான் ரெண்டு பெத்துட்டேன். இவரு இன்னும் முழுகாமதான் இருக்காரு."