மூன்றாம் நம்பர் சட்டை

வாத்தியாரின் புதுச் சட்டைக்குள் இன்னொரு வாத்தியாரும் தாராளமாக நுழையலாம்.

"கம்ப்யூட்டர் காட்டுன அளவுதான் மாப்பிள்ளை," என்றார் மாமியார், அந்தச் சட்டையைத் தன் மருமகனிடம் நீட்டி.

அவருடைய தையற்கடைக்கு மாப்பிள்ளையும் மகளும் சேர்ந்து சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். சேர்ந்து என்றால், அவன் ஹாலில், அவள் படுக்கையறையில். ஆளுக்கொரு லேப்டாப்பில் வாடிக்கையாளர்களை ஒன்று, இரண்டு என்று பதிந்ததில், வாத்தியாரும் குண்டுக் கசாப்புக்கடைக்காரரும் மூன்றாம் நம்பராகிவிட்டார்கள்.

கணவன் மனைவிக்குள் சண்டையொன்றுமில்லை, பேச்சுதான் எப்படியோ வற்றிப்போயிருந்தது. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததையே அவன் மெசேஜில்தான் படித்தான். போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"நம்பர் வேண்டாம்னு அப்பவே மெசேஜ் போட்டேன்," என்றாள் மனைவி. "யாருக்கும் ரெண்டாவது தடவை வராத நீளக் குறியீடு வச்சிருக்கணும்."

"வச்சா, லட்சம் பேர் சேர்ந்ததும் டேட்டாபேஸ் நொண்டியடிக்கும். நம்பர்னா சட்டுனு வரும்!"

"சட்டுனு தப்பா வரும்!"

கடைசியில் நீளக் குறியீடே வந்தது. அதைத் துணிச்சீட்டில் எழுதினால் சீட்டு சட்டைக்கையைவிட நீண்டது. அவன் முதல் நான்கெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினான். ஆனால் வேகத்துக்காக குறியீடு தேதியில் தொடங்கி நேர வரிசைப்படி வரும்படி செய்திருந்தவனும் அவனேதான். ஒரே நாளில் பதிந்த அத்தனை பேருக்கும் அதே நான்கெழுத்து! கசாப்புக்கடைக்காரருக்குக் குழந்தைக் கவுன் போய்ச் சேர்ந்தது.

அன்று வீடே ரெண்டுபட்டது.

"குறியீட்ட போய் யாராவது வெட்டுவாங்களா?"

"நீ ஊருக்குப் போயிட்டா இதையெல்லாம் யார் சரி பண்றது?"

"போறேன்னு நான் எப்ப சொன்னேன்? நீதான் இருன்னு ஒரு வார்த்தை சொல்லல!"

"இரு. நீ இல்லாம என்னால முடியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, தள்ளு. உள்ளுக்குள்ள தேட நம்பர், வெளியில வெட்டாத குறியீடு. ஒரே லேப்டாப்புல எழுதுவோம்."

மறுநாள் இருவரும் சிரித்த முகமாகக் கடைக்குள் நுழைந்தார்கள்.

"அத்தை, இனிமே லட்சம் பேர் வந்தாலும் தாங்கும்!"

மாமியார் ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார்:

"வர்றதே பதினோரு பேர்தான் மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேரும் சண்டையாவது போட்டுக்குவீங்களேன்னுதான் இந்த வேலையையே குடுத்தேன்."