காரணம் தெரியாமல் கையெழுத்து இல்லை

ஏழையைக் கண்டால் சிலருக்கு இரக்கம் வரும். சிலருக்கு எரிச்சல் வரும். இரண்டும் வராமல் விளக்கம் மட்டும் வருகிற ஒரு ரகத்தார் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மயிலிட்டியில் ஒரு சனசமூக நிலையத்தின் தலைவர் பஞ்சலிங்கம் இந்த ரகத்தில் முதல்தரம். கொழும்பில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து, பென்சனோடும் குடையோடும் ஊர் திரும்பி, காலையில் பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்து முடித்து, பின்னேரத்தில் நிலையத்துக்கு வந்து, மரவாங்கில் இருந்துகொண்டு, ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று அகப்பட்டவருக்கெல்லாம் எடுத்துச் சொல்பவர். சிக்கனம் இல்லை. அவ்வளவுதான். காரியதரிசி இராசநாயகத்துக்கோ முதலாளிமாரும் அவர்களுடைய மெசினும்தான் சகலத்துக்கும் காரணம். தலைவரிடம் பேனா, காரியதரிசியிடம் சீல்.

எண்பத்து மூன்று மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குச் செபஸ்தியம்மா வந்தாள். பக்கத்தூரில் திறந்த வலைத் தொழிற்சாலையால் அவளுடைய கைவலைப் பின்னல் படுத்துவிட்டது. அங்கேயே வேலை கேட்டிருந்தாள். ஐந்து மணிக்குள் நிலையத்தின் நற்சான்றுக் கடிதத்தை அங்கே கொடுக்கவேண்டும். அன்று கடைசி நாள்.

பஞ்சலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ‘வறுமைப்பட்ட இக்குடும்பம்’ என்று எழுதியதும் பேனா நின்றது. காரணம் போடாமல் ஒரு கடிதமா?

“குடிதானே பிள்ளை காரணம்? உன்ரை மனுசன்...”

“அவர் கடலோடை போய் ஆறு வருசம், ஐயா.”

“அதுக்கு முந்திக் குடிச்சிருப்பான்.”

இராசநாயகம் சீல் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். “அண்ணை, மெசின் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி நான் சீல் குத்தமாட்டன்.”

“மெசின் வந்தால்தான் நாடு முன்னேறும்!”

“ஆரின்ரை நாடு?”

“ஐயா, எனக்கு வலை பின்னத் தெரியும் எண்டு மட்டும் எழுதினால் காணும்,” என்றாள் செபஸ்தியம்மா.

இருவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், விசயம் விளங்காத பெண்!

ஆறரைக்குச் சமரசம் பிறந்தது: இரண்டு காரணமும் போடுவது, தலைவருடையது முதலில். ஒன்றரைப் பக்கம், அருமையான கடிதம். பஞ்சலிங்கம் உரக்க வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அவள் ஐந்து மணிக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. செபஸ்தியம்மா கருவாடு காயப்போடும் வாடியில் நாட்கூலிக்கு நின்றாள். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பஞ்சலிங்கத்துக்கும் வருத்தம்தான்.

“இதுகளுக்குப் பொறுமை இல்லை. அதுதான் காரணம்,” என்றார். இராசநாயகம் வாழ்க்கையில் முதன்முறையாக, “ஓம் அண்ணை,” என்றார்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது, அவள் ஏன் கடைசி நாள்வரை இருந்தாள், காலையிலேயே வந்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒருகணம் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். அந்த வாங்கில், அவர்கள் இருவருக்கும் பக்கத்தில், இன்னும் ஒருவர் இருக்க இடம் இருக்கிறது.