மூவரும் தேர்ச்சி பெறவில்லை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் உன் அண்ணி மட்டும்தான் சுகம். எனக்கு நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மாதம் நண்பர்களோடு கடல் தாண்டி ஒரு தீவு நாட்டுக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? போகவில்லை. யாராவது கேட்டால், அண்ணனே வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று சொல்லிவிடு. அப்படிச் சொல்ல உனக்கு நியாயம் வேண்டுமே, அதைத்தான் கீழே எழுதுகிறேன். நிதானமாகப் படி.

என் கூட வருவதாக இருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்குத் தலைமையாசிரியையாக இருந்த பெரிய டீச்சர், கணக்கு டீச்சர், விளையாட்டு வாத்தியார் விசில். விசிலுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் அது அவருக்கே மறந்திருக்கும். நான்கு பேரில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. நானோ முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவன், பெருங்கடல்களை எல்லாம் கரும்பலகையிலேயே கடந்தவன். அதனால் ஏற்பாட்டை என்னிடம் விட்டார்கள். நானும் பொறுப்பாகச் செய்தேன். ஒரு நாட்டுக்குப் போகிறோம் என்றால் அதைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? உதாரணத்துக்கு, நீ ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாய், அந்த வீட்டுக்காரர் பெயரே தெரியாமல் போய் இலையில் உட்காருவாயா? அதனால் வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வகுப்பு வைத்தேன். தரையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் தம்ளர் வைத்து, ஆறு வாரம் நடத்தினேன். மலை, ஆறு, மழை, துறைமுகம் எல்லாம் முடித்தேன். பெரிய டீச்சர் தூங்குவார். கணக்கு டீச்சர் வரைபடத்தின் அளவுகோல் சரியா என்று சரிபார்ப்பார். விசில் "சாப்பாடு எப்படி, அதைச் சொல்லுங்க" என்பார். உன் அண்ணி அடுப்படியில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை குறுக்கே பேசியதில்லை. அவள் என் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பாடம் நடத்தினால் பரீட்சை உண்டு. இதில் என்ன தப்பு என்று நீயே சொல். ஐம்பது மதிப்பெண்ணுக்கு என் கையாலேயே கேள்வித்தாள் எழுதி, நகல் எடுத்து, கூடத்தில் மூன்று நாற்காலிகளைத் தள்ளித்தள்ளிப் போட்டு, ஒரு மணி நேரம் கொடுத்தேன். மூவருக்கும் நல்ல வேடிக்கை. சிரித்துக்கொண்டே எழுதினார்கள். நான் சிரிக்கவில்லை. தேர்ச்சிக்குப் பதினெட்டு வேண்டும். கணக்கு டீச்சர் பதினேழு, பெரிய டீச்சர் பதினைந்து, விசில் ஆறு. அந்த ஆறும், வரைபடத்தில் அவர் வைத்த புள்ளிகளில் ஒன்று தவறிப்போய் ஒரு துறைமுகத்தின் மேல் விழுந்ததால் கிடைத்தது. விடைத்தாளைத் திருத்தினால் கீழே ஒரு வரி எழுதுவது என் பழக்கம். பெரிய டீச்சருக்கு 'முயற்சி போதாது' என்று எழுதினேன். விசிலுக்கு 'கவனம் சிதறுகிறது, வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வரவும்' என்று எழுதினேன். அறுபத்து மூன்று வயதுக்காரர் யாரை அழைத்து வருவார்? மகளை அழைத்து வந்தார்.

அந்தப் பெண் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் நான்கு பேருக்கும் அவள்தான் சீட்டுப் போடுவதாக இருந்தது. விடைத்தாளை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தாள்.

"அங்கிள், எங்கப்பா முழங்கால் வலியோட ரெண்டு நாள் உக்காந்து படிச்சார். இதுதான் நீங்க எழுதறதா?"

"படிச்சிருந்தா மார்க்கு வந்திருக்கும்மா. மறுதேர்வு வைக்கிறேன், வரச் சொல்லு."

"சரி அங்கிள்" என்று போய்விட்டாள். 'சரி' என்பதற்கு இத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்றாம் நாள் என் பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போகிறேன். பக்கத்து மேஜைக்காரர் கணினியைப் பார்த்துச் சொல்கிறார்: "மூணு பேருக்குப் போட்டாச்சு சார். உங்களுதுதான் நிக்குது. உங்களுக்கு ஏதோ மறுதேர்வு இருக்காமே? முடிச்சுட்டு வாங்க." எனக்கு! மறுதேர்வு!

மூவரும் பக்கத்தில் நகல் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். மூவரும் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு நின்றார்கள், திருட்டு முழி முழிப்பார்கள் என்று பார்த்தால், இல்லை.

"வாங்க பரீட்சை" என்றார் விசில். "மழை ஏன் பெய்யுதுன்னு எனக்குத் தெரியலைன்னா அங்க போய் நனையாம வந்துருவேனா? சொல்லுய்யா."

"நாலாவது கேள்வி வழிமுறை சரி, விடைதான் தப்பு. வழிமுறைக்கு ஒரு மார்க்கு போட்டிருந்தா நான் பாஸு" என்றார் கணக்கு டீச்சர்.

பெரிய டீச்சர் மட்டும் சத்தம் போடவில்லை. "பதினோரு வருஷம் உங்க பாடக்குறிப்புல கையெழுத்துப் போட்டேன் சார். பாதி நாள் நீங்க போன வருஷத்துதையே தேதி மாத்தி எழுதிட்டு வருவீங்க. ஒரு தடவையாவது முயற்சி போதாதுன்னு எழுதினேனா?"

அவரே தொடர்ந்தார். "நாலாவது சீட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்கும். அந்த மார்க்கை அடிச்சுட்டு வாங்க. எல்லாரும் சேர்ந்தே போவோம்."

அங்கேதான் நான் தலை நிமிர்ந்தேன். முப்பத்தொரு வருடத்தில் போட்ட மதிப்பெண்ணை நான் மாற்றியதில்லை. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக்கு வந்து கெஞ்சியும் மாற்றியதில்லை. சொந்தத் தங்கை என்று பார்த்தேனா? ஒன்பதாம் வகுப்பில் உனக்கே முப்பத்துநான்கு போட்டவன் நான். "போட்டது போட்டதுதான். தோத்தவங்களோட எனக்குப் பயணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். இப்படிப்பட்டவர்களோடு போகாமல் தப்பித்ததே மேல். வழியெல்லாம் தூங்குகிற ஒருவர், வழியெல்லாம் கூட்டல் போடுகிற ஒருவர், வழியெல்லாம் தின்கிற ஒருவர். எதைப் பார்த்தாலும் அதன் பெயர் தெரியாது. அவர்கள் பார்த்து என்ன, பார்க்காமல் என்ன? நான் இங்கே வரைபடத்திலேயே அதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வேன். உன் அண்ணியிடமும் இதைச் சொன்னேன். "ம்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. அவர்கள் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாரிடமும் சொல்லாதே. கடிதத்தை எழுதி முடித்தவன் தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்று, சனிக்கிழமை, விடைத்தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். வழிமுறைக்கு ஒன்று போட்டேன். பெரிய டீச்சருக்குக் கையெழுத்து அழகுக்கு மூன்று போட்டேன். விசிலுக்கு எதற்குப் போட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, பதினெட்டு வந்துவிட்டது. மூவரும் தேர்ச்சி. எடுத்துக்கொண்டு விசில் மகளின் அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். நாலாவது சீட்டு வெள்ளிக்கிழமையே போய்விட்டதாம். விமானத்தில் வேறு இடமும் இல்லையாம். எடுத்தது யார் என்று பார்த்தால், உன் அண்ணி. நான் பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று துணைக்கு வந்தாள் என்று நினைத்திருந்தேன், அவளும் ஒன்று எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே, சீட்டு வீணாப் போகுதேன்னு" என்கிறாள். ஆறு வகுப்பையும் அடுப்படியிலிருந்தே கேட்டிருக்கிறாள். விசிலுக்கு மழை ஏன் பெய்கிறது என்று அவள்தான் போனில் விளக்கினாளாம், அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டதாம்.

இன்று காலை துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "இங்க பத்து மணின்னா அங்க எத்தனைங்க?" நான் எழுந்து, கடிகாரத்தைக் கையில் எடுத்து, பூமி சுற்றுவதிலிருந்து ஆரம்பித்து முழுதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது அவளுக்கு முன்பே தெரியும் என்றாள். நான் சொல்ல ஆசைப்படுவேனே என்றுதான் கேட்டாளாம்.