துரையம்மாவின் எலிகளுக்கு நீச்சல்

"இறங்குங்கடா ராஜாக்களா, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு!"

வேலப்பன் கெஞ்சினான். கூண்டிலிருந்த இரண்டு எலிகளும், விலை படியாத வியாபாரிகளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலப்பன் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பெரிய கிராணி ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதை எஸ்டேட் மேனேஜரான துரை குகனேஸ்வரன் முடிவு செய்வார். துரை என்ன முடிவு செய்வது என்பதை அவர் மனைவி துரையம்மா முடிவு செய்வார். அந்தத் துரையம்மாதான் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

"வேலப்பா, நேத்து வாங்குன எலி ரெண்டும் பங்களா பின்னால கூண்டுல இருக்கு. மெதுவா தண்ணி பழக்கு. பட்டாணி மிதக்க விடு. கட்டாயப்படுத்தாதே. நான் வர்றதுக்குள்ள நீஞ்சணும்."

கட்டாயப்படுத்தாமல் கட்டாயம் நீந்தவைக்க வேண்டும்!

மனைவி யோகேஸ்வரி மறுபடியும் ஒரு கெண்டி வெந்நீர் கொண்டுவந்தாள். தொட்டியில் நிரப்பிய மலைக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய சூட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு நாள் வெந்நி வச்சுக் குடுத்திருக்கீங்களா?"

"பெரிய கிராணி வீடு வேணும்னு கேட்டது யாரு? ஊத்து லா!"

ஒன்றைத் தூக்கித் தொட்டியில் விடக் கையை நுழைத்தான். எலி விரலைக் கவ்வியது.

"ஐயோ! கடிச்சிருச்சு!"

"புது இடம்ல, வெக்கப்படுது" என்றாள் யோகேஸ்வரி.

ஒரு பட்டாணியில் பேரத்தைத் தொடங்கினான். கைப்பிடிப் பட்டாணி, சீஸ், கியா பார்ம் தோட்டத்து ஸ்ட்ராபெரி என்று ஏற்றிக்கொண்டே போனான். எலிகள் அத்தனையையும் வாங்கித் தின்றன. காலை மட்டும் நனைக்கவில்லை.

பொறுமை போய்விட்டது. கூண்டைத் தொட்டிமேல் கவிழ்த்து உலுக்கினான். இரண்டும் தொப்பென்று விழுந்தன. விழுந்த வேகத்தில் என்ன நீச்சல்! பனிமூட்டத்துக்கு நடுவே வீடியோ எடுத்து அனுப்பினான்.

"சூப்பர் வேலப்பா! ஈரத்தோட விட்டுடாதே, சளி பிடிச்சுக்கும்" என்று பதில் வந்தது.

கூடையால் அள்ளிப் பிடித்துக் கூண்டில் அடைப்பதற்குள் இன்னும் மூன்று விரல்கள் கடிபட்டன. எலிகள் வெடவெடவென்று நடுங்கின. எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு ஈரம் காயவைக்க ஒரே இடம்தான் தெரியும். கூண்டைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினான். அங்கே பறித்த கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி வாட்டுவார்கள். கூண்டைக் கொழுந்தின்மேல் வைத்தான். காற்று சுகமாக வந்தது. அந்த அதிர்வில் கூண்டின் கதவும் சுகமாகத் திறந்துகொண்டது.

"கிராணி! கொழுந்துக்குள்ள என்னமோ ஓடுது!" என்று கத்தினான் வேலையாள் கருப்பையா.

"மெதுவா லா! மிதிச்சிடாதே!"

சத்தம் கேட்டுத் துரை வந்துவிட்டார்.

"எலியா? தேயிலையிலயா? முழுத் தொட்டியும் குப்பைக்குத்தான்! எவன்டா கொண்டுவந்தது?"

"அம்மாவோட எலி, சார்."

துரையின் கோபம் அங்கேயே மண்டிபோட்டது. கூடவே துரையும் மண்டிபோட்டு, கொழுந்துக்குள் கையைவிட்டுத் துழாவத் தொடங்கினார்.

"எனக்கு எலின்னாலே ஆகாது, வேலப்பா. இதுங்க மூஞ்சிய நான் பாத்ததுகூட இல்ல. ஒண்ணு குறைஞ்சாலும் நான் வீட்டுக்குள்ள போக முடியாது."

தொட்டிக் கொழுந்து முழுவதும் தரையில் கொட்டப்பட்ட பிறகு இரண்டும் அகப்பட்டன. ஒன்று துரையின் கட்டை விரலைக் கடித்தபடியே அகப்பட்டது.

கூண்டோடு இருவரும் பங்களாவின் பின்வாசலுக்கு வந்தார்கள். கைக்குட்டை சுற்றிய கையைத் துரை நீட்டினார்.

"ஒரு தொட்டிக் கொழுந்து போனாலும் எங்க வீட்டு மானத்தக் காப்பாத்திட்ட. திங்கக்கிழமையிலேருந்து அந்த நாற்காலி உனக்..."

பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருந்த சமையற்காரி மாரியம்மா காய்கறிக் கூடையோடு வந்து நின்றாள். கூண்டைப் பார்த்ததும் கூடை கையிலிருந்து நழுவியது.

"அட கிராணி, இன்னுமா உசுரோட வச்சிருக்கீங்க? அம்மாவோட வெள்ளை எலி குளிர் தாங்காதுன்னு நான்தான் உள்ள ஹீட்டர் பக்கத்துல வச்சேன், அங்க தூங்குது. இது ரெண்டும் நேத்து நம்ம அரிசி மூட்டையில புடிச்சதுல்ல!"