ஸ்பானர் சொன்னதா, பல்லி சொன்னதா

பலாபத்வல,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள தம்பி ரொமேஷ் அறிவது,

இங்கே நானும் உன் அக்கா டொறீனும் நலம். கார் நலமில்லை. மிலானில் நீயும் கிருஷாந்தினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வஹகோட்டை அந்தோனியாரை மன்றாடுகிறோம். என் பெயரில் அவரிடம் ஏற்கெனவே நிறைய மன்றாட்டுகள் கிடப்பதால், உங்களுக்கானதை டொறீன் வழியாக அனுப்பியிருக்கிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது நான் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று, "அத்தான், இறுக்குனது போதும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். "கைக்குத் தெரியும்" என்றேன். நீயும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாய். அந்தப் பதிலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கைக்கு ஒன்றும் தெரியாது. உதாரணம் சொல்கிறேன். நம் வீட்டு அச்சாறு போத்தலை நான் மூடினால் டொறீனால் திறக்க முடிவதில்லை. அவள் மூடினால் எறும்பு உள்ளே போய்விடுகிறது. இரண்டு பேருடைய கையும் "போதும்" என்றுதான் சொன்னது.

இன்னோர் உதாரணம். கதவைப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் தள்ளிப்பார், அசையாது. கைப்பிடிப் பக்கம் தள்ளு, ஒரு விரல் போதும். எவ்வளவு பலம், எவ்வளவு தூரத்தில் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது திருப்பம். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தலை நரைத்தது. அந்தத் திருப்பத்தை அளந்து சொல்கிற ஸ்பானர்தான் டோர்க் ரென்ச். நீ ஜூன் மாத அந்தோனியார் திருநாளுக்கு ஒரு வாரம் முந்தியே வரும்போது எனக்கு அதில் ஒன்று கொண்டுவர வேண்டும். எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். காரணத்தை முதலில் சொல்லாவிட்டால் நீ பளபளப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

காரணம் உன் அக்கா. என் பழைய லான்சர் காரில் இனி ஏறுவதில்லை என்று அவள் சத்தியம் செய்திருக்கிறாள். நானோ, திருநாளன்று அவளை முன்சீட்டில் உட்காரவைத்தே வஹகோட்டைக் கோயில் வாசலில் இறக்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் இருவரில் ஒருவர் தோற்றாக வேண்டும்.

நடந்தது இதுதான். எஞ்சினுக்கு மூடி மாதிரி இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, கசிவை அடைக்கிற கெஸ்கட் தகடு போய், கார் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தது. நானே மாற்றுவதென்று தீர்மானித்து, மாத்தளை டவுனில் ஸக்கரியாவின் ஹாட்வெயார் கடையில் ஒரு டோர்க் ரென்ச் வாங்கினேன். "சேர், இதுல நம்பர வச்சிட்டு இறுக்குங்க. அளவு வந்ததும் டிக்குனு சொல்லும். கைக்கும் ஒரு துள்ளல் தெரியும். அதோட விட்டுருங்க, ஆசையில இன்னும் கொஞ்சம்னு போகாதீங்க" என்று ஸக்கரியா படித்துப்படித்துச் சொன்னார். நானும் வீட்டுக்கு வந்து, கை கெட்டுப்போகக் கூடாதென்று டொறீன் வாங்கிவைத்திருந்த தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் போட்டிருந்தபடி நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறிமாறி ஹெட் போல்ட்டுகளை இறுக்கினேன். டிக் என்றது, விட்டேன். அடுத்தது. டிக் என்றது, விட்டேன். ஒரு சில போல்ட்டுகள் மட்டும் வாயே திறக்கவில்லை. வகுப்பிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள், கேட்டுக்கொண்டே இருந்தால் சொல்லிவிடுவார்கள் என்று அவற்றை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, டொறீனின் நேர்த்திக்கடனுக்காக வஹகோட்டைக்குப் புறப்பட்டோம். அவள் புதுச் சேலை கட்டி, மடியில் பெரிய மெழுகுதிரிக் கட்டை வைத்துக்கொண்டு, "காரு சத்தமே இல்லாம போகுதுங்க" என்று பாராட்டினாள். பாராட்டி முடிக்கவில்லை, ஏற்றத்தில் பொனட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. புகையல்ல, நீராவி. அந்த வித்தியாசத்தை நான் விளக்கியிருக்கத் தேவையில்லை. "நீராவினா இறங்கத் தேவையில்லயா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கினாள். ரோட்டோரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மர்சூக் தன் த்ரீவீலரில் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், பிளேன்டிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறீங்களா?"

"கொஞ்சம் சூடாகிருச்சு, அவ்வளவுதான்."

"தெரியுது, தெரியுது. டீச்சர், நீங்க ஏறுங்க. கோயில்ல விட்டுட்டு வாறேன். மாஸ்டர் ஆறட்டும், கார் ஆறட்டும்."

டொறீன் ஏறினாள். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "இனிமே இந்தக் காருல நான் ஏறினா ஏன்னு கேளுங்க" என்றாள். மெழுகுதிரிக் கட்டு முன்சீட்டில் கிடந்தது. அதையும் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கயிறு கட்டி இழுத்து வந்து, மறுபடி திறந்து பார்த்தேன். சில போல்ட்டுகள் விரலால் கழற்றலாம் போல் லூசாக இருந்தன. சிலவற்றைக் கழற்ற இரும்புக் குழாயை மாட்டித் தொங்க வேண்டியிருந்தது. இது எப்படி என்று ஸ்பானரை மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். டிக் என்றது. ஸ்பானர் மேசையில் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. மறுபடியும் டிக். நிமிர்ந்து பார்த்தால், கராஜ் கூரைச் சலாகையில் ஒரு பல்லி.

தம்பி, நான் பல்லி சொல்லக் கேட்டு எஞ்சின் பூட்டியிருக்கிறேன். டொறீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பழக்கத்தில் மேசையை விரலால் தட்டிக்கொண்டே, "பல்லி சொன்னா நடக்கும்னுதான் சொல்லுவாங்க. இறுகும்னு யாரும் சொல்லல்லயே" என்றாள். வேதக்காரர் நாம் சகுனம் பார்ப்பதில்லை என்று சொன்னேன். "பாக்குறது இல்ல, கேக்குறது மட்டும்தான் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் காதுதான் பழுது என்று அவளுக்கு ஓர் எண்ணம். என் காதில் ஒரு குறையும் இல்லை.

லூசான போல்ட்டுக்குப் பல்லி காரணம். சரி, இறுகிப்போனதற்கு? அதற்கு மர்சூக்கின் மருமகன் ஹஸீப் காரணம் என்பது என் கணிப்பு. நான் ஸ்பானர் வாங்கிய அன்றே, பூட்டத் தொடங்குமுன், இரவல் கேட்டு வந்தான். நம் மதிலுக்கு மேலாக எதுவும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஸ்பானர் திரும்பி வந்தபோது, மர்சூக்கின் மனைவி மஸீஹா கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டு நிறைய வந்தது. தட்டு எவ்வளவு பெரிதோ, கருவிக்கு நடந்த கொடுமையும் அவ்வளவு பெரிது. அளவுகோலை வைத்துத் தேங்காய் உரித்தால் அளவுகோல் என்னவாகும்? அதுபோலத்தான், லொறிச் சக்கர நட்டைக் கழற்ற அதைப் பாவித்திருப்பான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டிருக்கும், டிக் சொல்வதை மறந்திருக்கும். வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

ஆகவே எது வேண்டாம் என்று முதலில் சொல்கிறேன். டிக் என்கிற வகை வேண்டாம். பட்டரியில் ஓடி, பீப் என்று கத்துகிற வகையும் வேண்டாம். டொறீனின் சோற்றுக் குக்கரும் பீப் என்றுதான் கத்துகிறது. எனக்கு வேண்டியது ஊசி வகை. ஒரு நீண்ட கம்பி, அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய ஊசி, கைப்பிடிப் பக்கம் ஒரு தகட்டில் எண்கள். இறுக்கும்போது கம்பி வளையும், ஊசி அளவைக் காட்டும். வேலை முடிந்ததும் ஊசி பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டால் கருவி சரி. ஸ்பிரிங் இல்லை, சத்தம் இல்லை. ஹஸீப் எடுத்துக்கொண்டு போனாலும் பூச்சியத்தைப் பார்த்தே என்ன நடந்ததென்று கண்டுபிடிக்கலாம்.

இன்னும் ஒன்று. என் எஞ்சின் போல்ட்டுக்கு வேண்டிய அளவு, ஊசியின் தகட்டில் நடுவாக்கில் வர வேண்டும். ஒரு கோடியில் வந்தால் வாங்காதே. பொன்னை அரிசித் தராசில் யாரும் நிறுப்பதில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கடையில் அதைக் காட்டி, அதே அலகில் எண் போட்டதைக் கேள். வேறு அலகில் இருந்தால் நான் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கணக்குச் சரியாக வருகிறதா என்று டொறீன் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

கிருஷாந்தினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. குளிர் நாட்டில் தொண்டையைக் கவனி. அந்தோனியார், தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தருபவர், உங்களையும் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட அத்தான்,
சில்வெஸ்டர்

பி.கு.: ஒன்றும் கொண்டுவராதே. உறையை ஒட்டுமுன் டொறீன் கடிதத்தை வாங்கி வாசித்தாள். "ஹஸீப் மேல பழி போடுறதுக்கு முன்ன ஸ்பானர ஒருக்கா சோதிச்சுப் பாக்கல்லயா? பிள்ளைகளுக்கு அப்பிடியா படிப்பிச்சீங்க?" என்று கேட்டாள். ஆகவே மேசை வைஸ் இடுக்கியில் ஒரு போல்ட்டைப் பிடித்து, ஸ்பானரைப் படுக்கையாக மாட்டி, கைப்பிடியில் வாளியைத் தொங்கவிட்டோம். கணக்குப்படி எவ்வளவு தண்ணீரில் சொல்ல வேண்டுமோ அதைக் குறித்துவைத்தேன். டொறீன் குவளை குவளையாக ஊற்றினாள். குறித்த இடம் தாண்டியும் சத்தமில்லை. "பாத்தியா, கெட்டுப்போச்சு" என்றேன். "அது அப்பவே சொல்லிருச்சு" என்றாள். மறுபடியும் செய்தோம். சரியாகக் குறித்த இடத்தில் அவள் கையை உயர்த்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அதே இடத்தில் துள்ளியது. ஸ்பானரில் குறையில்லை, ஹஸீப்பிலும் இல்லை. பல்லியின் உரத்த சத்தம் மட்டும் எட்டுகிற என் காதும், துள்ளலை மறைத்த அந்தக் கையுறையும்தான் மிச்சம். நாளைக்கு ஒரு தட்டு லவ் கேக் மதிலுக்கு அந்தப் பக்கம் போகிறது.

பின்னேரம் புதுக் கெஸ்கட் போட்டுப் பூட்டினேன். டொறீனுக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது. முன்சீட்டில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, "அது பல்லி, இறுக்குங்க", "இது ஸ்பானர், விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பல்லிக்கு மட்டும் டேஷ்போர்டைத் தட்டினாள். நான் அவளைப் பார்த்ததும், "நான் ஏறல்ல. கேக்குறதுக்கு உக்காந்திருக்கேன்" என்றாள். எஞ்சினைப் போட்டேன். வாசல் கேட் வரைக்கும் ஓட்டினேன், பிறகு சந்திவரைக்கும். தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. மர்சூக் தன் த்ரீவீலரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். டொறீன் அவருக்குக் கையசைத்துவிட்டு, "இறங்கச் சொன்னீங்களா? சொல்லல்ல தானே. ஓட்டுங்க" என்றாள்.

உன் வீட்டிலும் டிக் சொல்கிற ஸ்பானர் ஒன்று கிடக்கிறது என்று கிருஷாந்தினி சொன்னாள். அதன் கைப்பிடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டுச் சோதித்துப்பார். சோதிக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்.